மாணவனுக்கு ஒரு சிறிய கம்ப்யூட்டர்: சரக்கு பார்த்து வாங்கும் முறை

கல்லூரி திறந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு கம்ப்யூட்டர்தான். என் தங்கையின் பேரன் பொறியியல் படிக்கிறான். தாத்தா வியாபாரி, ஏமாறாமல் வாங்கித் தருவார் என்று பொறுப்பை என்னிடம் விட்டார்கள். விடுதி மேஜை சிறியது, பணமும் அளவோடுதான். ஆகவே பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கோர்ப்பது என்று முடிவு செய்தோம். இதில் பாதி வேலை நாம் தினமும் செய்யும் கொள்முதல் வேலைதான்.

பாகங்களை நம் கடையை வைத்தே புரிந்துகொள்ளலாம். பிராசஸர் என்பது கல்லாவில் கணக்குப் போடுபவர். ரேம் என்பது கைக்கெட்டும் அலமாரி. எஸ்.எஸ்.டி. என்பது குடோன். அலமாரி சிறியதாக இருந்தால், கல்லாக்காரர் எத்தனை கெட்டிக்காரராயினும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பையன் குடோனுக்கு ஓட வேண்டியதுதான். மதர்போர்டு கடைக் கட்டடம். எஸ்.எம்.பி.எஸ். என்பது அத்தனைக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி.

சிறியது என்றால் விலை குறைவு என்று நம் புத்தி சொல்லும். இங்கே தலைகீழ். 17 செ.மீ. சதுரமுள்ள மினி ஐ.டி.எக்ஸ். போர்டு, 24.4 செ.மீ. உள்ள மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டைவிடப் பெரும்பாலும் விலை கூடுதல். அதற்கேற்ற பெட்டியும் அப்படியே. கையளவு பெட்டிக்கு ஆசைப்படாமல், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு கொள்ளும் சிறிய கேபினட் வாங்கினோம். நம் வெயிலுக்குக் காற்றோட்டமும் வேண்டுமே!

தனி கிராபிக்ஸ் கார்டு மாணவனுக்குத் தேவையில்லை. படம் காட்டும் பகுதி உள்ளேயே அமைந்த பிராசஸர்கள் உண்டு. நாங்கள் எடுத்தது 2021இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், 65 வாட், விசிறியும் பெட்டியோடு வரும். கம்பெனிப் பெட்டியில் வரும் பிராசஸருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம். பெட்டியின்றி 'டிரே' என்று தருவது சற்று மலிவு. ஆனால் கம்பெனியின் அந்த உத்தரவாதம் அதற்கில்லை.

ரேம் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2025இன் கடைசி மாதங்களில் இதன் விலை இரட்டிப்புக்கும் மேல் ஏறியது. காரணம் நமக்குப் பழக்கமானதே. உலகில் பெரும்பகுதி ரேம் சிப் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்றே கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மொத்தமாக, நல்ல விலைக்குக் கேட்டதும் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. பெரிய பார்ட்டி லாரி லாரியாக அள்ளும்போது சில்லறைக்குச் சரக்கு வராது. மிளகாயில் நாம் பார்க்காததா? மைக்ரான், சில்லறையில் விற்றுவந்த 'குருசியல்' வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே முதலில் ரேம் விலையைக் கேட்டுக்கொண்டு, மற்றதை அதற்கேற்ப அமைக்க வேண்டும். 16 ஜி.பி. போதும், ஒரே பட்டையாக அல்லாமல் எட்டு எட்டாக இரண்டு போட்டால் இத்தகைய பிராசஸரில் வேகம் கூடும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. 5600ஜி போர்டுக்கு 4தான்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினோம். ஒரு கடையில் கேபினட்டுடன் எஸ்.எம்.பி.எஸ். இனாம் என்றார்கள். இனாமாக வரும் சரக்கின் தரம் நமக்குத் தெரியாததல்ல. மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் அந்தப் பெட்டி கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். பெயருள்ள கம்பெனியின் 450 வாட் தனியாக வாங்கினோம். இந்த அமைப்புக்கு அது தாராளம்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சிறியனவாக, மலிவாகக் கிடைக்கின்றன. தவறில்லை; ஆனால் வயதைக் கேட்க வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14உடன் பொதுவாக முடிந்தது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11க்கு உரியவையாக மைக்ரோசாப்ட் ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசும் இல்லை.

பில் பற்றி ஒரு வார்த்தை. இப்பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு உள்ளீட்டு வரவு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்குச் சட்டத்தின் 17(5) பிரிவு அந்த வரவைத் தடுக்கிறது. பேரன் பெயரிலேயே பில் வாங்கினேன். சீரியல் எண் பில்லில் இருக்கிறதா என்று கடையிலேயே ஒத்துப் பார்க்கவும். உத்தரவாதத்துக்கு அதுதான் பத்திரம்.

கோர்ப்பதற்கு ஒரு ஸ்குரூடிரைவர் போதும். இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்கினால் உடம்பின் நிலை மின்சாரம் போய்விடும். பிராசஸரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியும் சாக்கெட்டின் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தாமல் வைத்தாலே உட்காரும். இந்த வகையில் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, வளைந்தால் வம்பு. பிறகு விசிறி, பசை அதிலேயே தடவி வரும். ரேமை 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். எம்.2 எஸ்.எஸ்.டி.யைச் சொருகி ஒரு திருகில் நிறுத்தலாம். கேபினட்டில் பித்தளைக் கால்களைத் திருகிய பிறகே போர்டை வைக்கவும். நேரே தகட்டில் பட்டால் ஷார்ட் ஆகும். முன்பக்கப் பொத்தானின் மெல்லிய கம்பிகளுக்குத்தான் போர்டின் புத்தகம் வேண்டும். பையனுக்கு அங்கேதான் நேரம் பிடித்தது. மற்றபடி மாலைக்குள் திரை எரிந்தது.

கம்ப்யூட்டரைக் கடையில் வைப்பவர்கள் தரையில் வைக்க வேண்டாம். மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் விசிறியை அடைக்கும். எலி வயரைக் கடிக்கும். மேஜை மேல் வைத்து, மாதம் ஒரு முறை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டவும். 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் கரண்ட் போனதும் எழுதியதைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும்.