லொறி கழுவுவதும் ஒரு பராமரிப்பே

கீரிமலைக் கேணியில் நீராடியவர்களுக்குத் தெரியும்: மதிலுக்கு இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் உப்புக்கடல். மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, வெடிப்புகள் வழியாக இங்கே ஊறுகிறது. நீரிலுள்ள சுண்ணாம்பும் காற்றிலுள்ள உப்புமே நமது லொறிக்கு எதிரிகள்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய நம்மில் பலருக்குத் தோட்டக்காணி கையைவிட்டுப் போயிற்று. அப்படிப்பட்ட குடும்பங்கள் கூட்டாக வாங்கும் பழைய லொறி, ஒரு தோட்டத்துக்குச் சமம். வெங்காயம், மரக்கறி, மணல், சீமெந்து எல்லாம் சுமப்பது அதுதான். அதன் தகரத்தைக் கறள் தின்ன விடலாமா?

கழுவும் முறை

1. வெயிலில் கழுவ வேண்டாம். நிழலில், தகரம் ஆறியபின் தொடங்குவோம்.

2. சீமெந்து ஏற்றியிருந்தால் தண்ணீர் ஊற்றுமுன் தூசியை மெல்லத் தட்டி அகற்றுவோம். நனைந்த சீமெந்து இறுகிவிடும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் பெயின்ற் கீறும்.

3. முதலில் அடிப்பகுதியையும் சில்லு மேலுள்ள மட்கார்ட் உட்புறத்தையும் கழுவுவோம். உப்பும் சேறும் அங்கேதான் தங்கும். பின் கூரையிலிருந்து கீழ்நோக்கி வருவோம்.

4. உடுப்புத் தோய்க்கும் தூள் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும். வாகன ஷாம்பு நல்லது. ஒரு வாளி ஷாம்பு நீருக்கு, மற்றொரு வாளி துணி அலசுவதற்கு.

5. காயுமுன் துடைத்துவிடுவோம். நமது கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். அது சுண்ணாம்பு. தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து, உடனே நன்கு கழுவினால் போகும். கடைசி அலசலுக்குப் பீப்பாயில் பிடித்த மழைநீர் மிக நல்லது. அதில் சுண்ணாம்பு இல்லை.

6. கழுவியபின் கிறீஸ் நிப்பிள்களுக்குப் புதுக் கிறீஸ் அடிப்போம். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்துவிடுவோம்.

பாதுகாக்கும் முறை

வாடைக்காற்று கடலுப்பைக் கொண்டுவருமுன் ஒருமுறை, சோழகம் தொடங்குமுன் ஒருமுறை மெழுகு பூசுவோம். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருள வேண்டும். பரவி நின்றால் மெழுகு தேய்ந்துவிட்டது. கறள் கண்ட இடத்தை மண்தாளால் பளபளக்கத் தேய்த்து, ரெட் ஒக்சைட் பூசி, அதன்மேல் பெயின்ற் அடிப்போம். கறளின்மேல் நேரே பெயின்ற் அடித்தால் அது உள்ளே வளரும்.

எச்சரிக்கை

செசிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுவோம். நம் நிலம் வெடிப்புள்ள கல். மேலே சிந்துவது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகள் எண்ணெயால் மாசடைந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீட்டால் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஆகவே கிணற்றடியிலும் கேணியடியிலும் லொறி கழுவ வேண்டாம்.

சிந்திக்க

நமது ஊரில் லொறி கழுவும் நீர் எங்கே போகிறது? அந்தப் பக்கம் யாருடைய கிணறு இருக்கிறது?