எக்ஸ் கதிர்க் கருவியும் இளநிலை மாணவரும்

ஒரு பொருளின் பண்புகள் அதன் அணுக்கள் அமைந்துள்ள முறையைப் பெரிதும் பொறுத்தவை. அவ்வமைப்பை அளந்தறிய உதவுவது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவி. இக்கருவி உள்ள இடங்களிலும் அது ஆராய்ச்சியாளருக்கென்றே ஒதுக்கப்படுவதுண்டு. இளநிலை மாணவரோ பிராக் விதியைத் தேர்வுத் தாளில் எழுதுவதோடு நின்றுவிடுகின்றனர். இந்நிலை மாற வேண்டும்.

ஓர் எளிய பாடம்

1913ஆம் ஆண்டில் பிராக் ஆராய்ந்த சமையல் உப்பையே எடுத்துக்கொள்வோம். அதை நன்கு பொடித்துக் கருவியில் வைத்தால், வரைபடத்தின் மிக உயர்ந்த முகடு ஏறத்தாழ 31.7 பாகையில் தோன்றும். அதன் பாதியான 15.85 பாகையின் சைன் மதிப்பு 0.2731. செம்பு இலக்கிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். அலைநீளத்தைச் சைன் மதிப்பின் இருமடங்கால் வகுத்தால், அணுத் தளங்களின் இடைவெளி 2.82 ஆங்ஸ்ட்ராம் எனக் கிடைக்கும். இது அலகுக் கூட்டின் பக்கத்தில் பாதி. எனவே பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம்.

ஒரு கூட்டில் நான்கு சோடியம் அயனிகளும் நான்கு குளோரைடு அயனிகளும் உள்ளன. அவற்றின் நிறையைக் கூட்டின் கன அளவால் வகுத்தால், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம் ஆகும். அதே உப்பின் அடர்த்தியை, அதைக் கரைக்காத மண்ணெண்ணெயில் இட்டு, தராசும் அளவுக் குடுவையும் கொண்டு மாணவர் அளக்கலாம். இரு விடைகளும் நெருங்கி வரும்போது, கண்ணுக்குப் புலப்படாத அணு அவருக்கு அளவிடத்தக்க உண்மையாகிறது.

அடுத்து, சோடியம் குறைக்கப்பட்ட உப்பை ஆராயச் செய்யலாம். அதில் கலந்துள்ள பொட்டாசியம் குளோரைடு 28.3 பாகையையொட்டித் தனி முகட்டைக் காட்டும். கலவையை இனங்காணும் முறையும் இவ்வாறு விளங்கிவிடும்.

பயன்பாடே அளவுகோல்

கருவியின் விலையைக் கேட்கும் நாம், அது ஆண்டில் எத்தனை மணி நேரம் இயங்கியது என்று கேட்பது அரிது. கதிர்க்குழாய் தேயும் என்பது உண்மையே. எனினும் கருவி பூட்டிய அறையில் இருந்தாலும் முதலீடும் பராமரிப்புச் செலவும் குறைவதில்லை. இத்தகைய பொடி மாதிரி ஒன்றை ஆராய அரைமணி நேரம் போதும். அத்தரவைக் கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் கணக்கிடலாம்.

பொது நிறுவனங்களின் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 2020 சனவரியில் 'ஐ-ஸ்டெம்' தளம் தொடங்கப்பட்டது. கருவியுள்ள நிறுவனம் வாரத்தில் அரைநாளை அண்டைக் கல்லூரிகளுக்கு ஒதுக்கலாம். தொலைவிலுள்ள கல்லூரிகள் மாதிரியை அனுப்பித் தரவைப் பெறலாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி, பயிற்சி பெற்றவரே கருவியை இயக்குதல் வேண்டும்.

கருவி வாங்க நிதி ஒதுக்கும் ஆணையிலேயே மாணவருக்குரிய நேரத்தையும் குறித்துவிடுவது நன்று. அதற்குத் தனிச் செலவு எதுவும் தேவையில்லை.