வண்டிவீட்டின் ஒழுக்கை அடைக்கும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பத்தோடு யாத்திரை செல்வோர் காரின் பின்னே கோத்து இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டை நாளடைவில் நாசமாக்குவது, விளக்குக்கும் ஜன்னலுக்கும் காற்றுப்போக்கிக்குமாக அதன் சுவரிலும் கூரையிலும் வெட்டிய துவாரங்களின் ஓரமாகப் புகும் மழைநீரே. எட்டு மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, குளிருக்கும் வெயிலுக்கும் இடையே 40 டிகிரி செல்ஸியஸ் வித்தியாசம் நேர்ந்தால், சுமார் 7 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குமாதலால், பாதையின் அதிர்ச்சியும் அதனோடு சேர்ந்துகொள்ள, அடைத்து வைத்த பசை சில வருஷங்களில் வெடித்துவிடுகிறது.

நீர் சொட்டும் இடமும் புகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஆகையால் ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே இருக்க, மற்றொருவர் ரப்பர்க் குழாயால் கீழிருந்து மேலாக, விளக்கு, ஜன்னல் முதலிய ஒவ்வொரு பொருத்தின் மேலும் சில நிமிஷங்கள், மழை பெய்வதுபோல மெதுவாக நீர் விடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் சுவர் முழுவதும் நனைந்து, குற்றவாளி எது என்பது தெரியாமற் போகும்.

கண்டுபிடித்ததும் சிலிகான் பசையை மேலே தடவிவிடும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்கலாகாது. உள்ளே தங்கிய ஈரம் சிறைப்பட்டு மரத்தை உளுத்துப்போகச் செய்யும். சிலிகான் படிந்த பரப்பிலோ பிறகு வேறெந்தப் பசையும் நன்றாகப் பற்றாது. சிரமம் பாராமல், பாட்டரி இணைப்பைத் துண்டித்துத் திருகுகளைக் கழற்றிப் பொருத்தையே வெளியே எடுப்பதுதான் உத்தமம். பழைய பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, சாராயக் கரைப்பானால் துடைக்கலாம்; ரப்பர்க் கூரையாயின் பெட்ரோலியக் கரைப்பான்களை அதன் அருகிலும் கொண்டுபோகக் கூடாது. திருப்புளியின் முனை மரத்தில் எளிதாக இறங்கினால், அந்தப் பாகத்தை வெட்டி மாற்றியே தீரவேண்டும். ஈரம் மட்டுமாயின், மின்விசிறியை வைத்துச் சில நாள் பொறுமையோடு உலர்த்துங்கள். இதில் அவசரப்பட்டவர்களுக்கு மறு வருஷமே அதே சுவரைப் பிரிக்க நேரும்.

பிறகு, பொருத்தின் பின்விளிம்பு முழுவதும் இடைவெளியின்றிப் பியூட்டைல் என்னும் ரப்பர்ப் பட்டையை ஒட்டி, திருகுத் துளைகளைச் சுற்றியும் அது படிந்திருக்கிறதா என்று பார்த்து, எதிரெதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாக முடுக்கவேண்டும். பட்டை நான்கு பக்கமும் பிதுங்கி வருவதே நல்ல அறிகுறி. மறுநாள் வெயில் ஏறியபின் மீண்டும் ஒருமுறை இதமாக முடுக்கி, பிதுங்கியதை நறுக்கிவிடுங்கள்.

சுவர்ப் பொருத்துக்கு மேலும் இருபுறமும் வழியாத பசையை இழுத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விடவேண்டும். தப்பிப் புகுந்த நீர் வெளியேற அதுவே வழி. தட்டையான கூரையிலோ, தானே பரவிச் சமமாகும் பசையைச் சுற்றிலும் இடவேண்டும். திருகுத் தலைகளும் அதில் மூழ்கட்டும்.

உள்பலகையைப் பிரித்திருந்தால் அதைத் திரும்ப அடிக்குமுன், பசை காய்ந்ததும், அதே குழாயால் மறுபடி நீர் விட்டுப் பாருங்கள். உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் பெருத்து விரிசலை அகலப்படுத்துமாதலால், பனிக்காலம் வருமுன் ஒருமுறையும் அது கழிந்தபின் ஒருமுறையும் ஏணி வைத்துக் கூரையைப் பரிசோதிப்பது அவசியம்.