இரட்சிப்புக்குத் தேதி உண்டா?

கேள்வி: நான் பிறந்தது போடியில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில். கட்டிக்கொடுத்தது ஆர்.சி. வீட்டில். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பல வருஷம் காய் எடுத்தேன். இப்போது ஸ்டோரில் எடை எழுதுகிறேன். லைனில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில், “அக்கா, நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?” என்று கேட்டார்கள். சொல்ல எனக்குத் தேதி இல்லை. ஒருவர் கிருபை போதும் என்கிறார். இன்னொருவர் கிரியை இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்கிறார். வேதத்தை ஒழுங்காகப் படித்தால் தெளிவு வருமா? எட்டாவது வரைதான் படித்தவள், எங்கே தொடங்குவது? இன்னொன்றும் மனசை அரிக்கிறது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று சொல்லி ஒவ்வொருவர் எடையிலும் கொஞ்சம் குறைத்தே எழுதச் சொல்கிறார்கள். இரட்சிக்கப்பட்டவள் இந்த வேலையில் இருக்கலாமா?
– வாசகி, போடிமெட்டு

பதில்: 

தேதி சொல்ல முடிந்தவர்கள் உண்டு. ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, இரவு ஒன்பதுக்குக் கால் மணி இருக்கையில் தன் உள்ளம் மாறியது என்று நாட்குறிப்பிலேயே எழுதி வைத்தார். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று வேதம் எங்கும் விதிக்கவில்லை. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரனுக்கு நடுராத்திரி, பூமியதிர்ச்சி, கையில் உருவிய பட்டயம். அதே ஊரில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆற்றங்கரையில் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவள் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார். திமோத்தேயுவுக்கோ அந்த அளவுக்குக்கூட ஒரு சம்பவம் இல்லை. பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனிடமும் இருக்கிறது என்றுதான் பவுல் எழுதுகிறார். நீங்கள் திமோத்தேயு வகையாக இருக்கலாம். அடுத்த முறை கேட்டால் தயங்காமல் அப்படியே சொல்லுங்கள்.

பவுலே இரட்சிப்பைப் பற்றிப் பேசும்போது எபேசியருக்கு நடந்து முடிந்ததாகவும், கொரிந்தியருக்கு நடந்துகொண்டிருப்பதாகவும், ரோமருக்கு இனி வரப்போவதாகவும் எழுதுகிறார். தேதி கேட்பவர்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

கிருபையா கிரியையா என்ற சண்டை வருவதற்குப் பாதிக் காரணம் நாம் வசனத்தைத் துண்டு துண்டாகப் படிப்பதுதான். வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கி, கண்ணாடி ஓரத்தில் செருகி வைக்கிறோம். அது எந்த அதிகாரத்திலிருந்து வந்தது என்று திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. காலண்டரில் அடிக்கடி வருவது எபேசியர் 2:8, 9. கிருபையினாலே, கிரியைகளினால் அல்ல என்பது அதன் பொருள். அடுத்த வசனம், அதே மூச்சில், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. அந்தப் பத்தாம் வசனத்தைக் காலண்டரில் காண்பது அரிது. பவுல் எழுதிய கடிதத்தில் எண்களே கிடையாது. புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551-இல்தான் போட்டார். சபை கூடியிருக்க ஒருவர் படிக்க, மற்றவர்கள் ஒரே இருப்பில் கேட்ட கடிதம் அது.

கிரியையை வலியுறுத்தும் யாக்கோபுக்கும் கிருபையை வலியுறுத்தும் பவுலுக்கும் சண்டை மூட்டுகிறவர்கள், இருவரும் ஆபிரகாமின் வாழ்வில் வேறு வேறு நாட்களைக் காட்டுவதைக் கவனிப்பதில்லை. ரோமர் 4-இல் பவுல் காட்டுவது ஆதியாகமம் 15: பிள்ளை இல்லாத கிழவர் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து நம்பிய நாள். யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22: வளர்ந்த மகனோடு மோரியா மலை ஏறிய நாள். நடுவில் வருஷங்கள் ஓடிவிட்டன. ‘கடவுள் என்னை ஏற்றுக்கொள்ள நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்’ என்று பதறுகிறவருக்குப் பவுல் பதில் சொல்கிறார். பசித்து நிற்பவரிடம் நல்ல வார்த்தை மட்டும் பேசி அனுப்பி வைப்பவருக்கு யாக்கோபு பதில் சொல்கிறார். மார்ட்டின் லூத்தருக்கே யாக்கோபின் நிருபத்தின் மேல் பெரிய மதிப்பு இருக்கவில்லை. ஆனால் அவர் வழிவந்த லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் இதே பொருளைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கிருபையால்தான் ஏற்கப்படுகிறோம், அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைக்கு எழுப்புகிறது என்று சேர்ந்து சொன்னார்கள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நிற்கும் உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

இப்போது தராசுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. இரட்சிப்பு எப்போது வந்தது என்று இயேசு தாமே நாள் சொன்ன இடம் லூக்கா 19. சகேயுவின் வீட்டுக்கு இன்றைக்கு வந்தது என்கிறார். அதைச் சொன்னது எப்போது? ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகு. இயேசு அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தார், அவனே கணக்கைத் திறந்துவிட்டான். தேதி கேட்கும் ஜெபக்கூட்டத்தில் இந்த அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள் என்று நான் மன்றாடிக் கேட்பேன்.

பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு படிக்கற்கள் வைத்திருக்காதே என்கிறது உபாகமம் 25. ஓய்வுநாள் எப்போது முடியும், கள்ளத் தராசை எடுப்போம் என்று காத்திருந்தவர்களை ஆமோஸ் கிழித்து எறிகிறார். ஏழைக் கூலிக்காரனுக்கு, அவன் உன் சகோதரனானாலும் அந்நியனானாலும், பொழுது சாயுமுன் கூலி கொடு என்கிறது உபாகமம் 24. முந்தல் செக்போஸ்ட் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரளத்துத் தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் நம் பெண்கள் அங்கே அந்நியர்கள். இப்போது வடக்கிலிருந்து வந்து தமிழும் மலையாளமும் தெரியாமல் காய் எடுக்கிற பிள்ளைகள் அவர்களிலும் அந்நியர்கள். செடியின் தூரடியில் மண்ணோடு கிடக்கும் சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்து, நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர். அந்த எடையில் நூறு கிராம் என்பது சின்ன விஷயம் இல்லை.

வேலையை விட்டுவிட வேண்டுமா? லூக்கா 3-இல் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானகனிடம் இதையேதான் கேட்டார்கள். யாரையும் அவர் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே, பயமுறுத்திப் பிடுங்காதே என்றார். நீங்கள் விலகினால் அந்த நோட்டு வேறொருவர் கைக்குப் போகும். அவருக்கு உறுத்தல் இருக்கும் என்று என்ன நிச்சயம்? வெறும் சாக்கை எல்லோர் கண்முன்னாலும் ஒருமுறை தராசில் வையுங்கள். அது எவ்வளவோ அதைக் கழிப்பது நியாயம். மழை நாளில் ஈரத்துக்கு ஒரு அளவு என்றால் அதையும் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லட்டும். அதற்கு மேல் கழிப்பது திருட்டு. தராசு காட்டியது ஒரு பத்தி, கழித்தது ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுத மேலாளரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். பெரியவர் ஒருவரையோ தொழிற்சங்கத்து ஆளையோ கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கூலியில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதைக் கர்த்தர் அறிவார். முடிந்த அளவு செய்யுங்கள். முடியாததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

எட்டாவது படிப்பு தாராளம். அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் மதுரையில் வேலையைத் தொடங்கிய பின், வேதாகமப் பெண்கள் வீடு வீடாகப் போய், எழுத்தறியாத பெண்களுக்கு அரிச்சுவடியும் வேதமும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கவே ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் 1892-இல் மதுரையில் ஒரு பள்ளி தொடங்கினார். உங்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள் நம் பக்கத்தில் வேதம் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

லூக்காவில் தொடங்குங்கள். 24 அதிகாரம், நாளுக்கு ஒன்று. வாய்விட்டு வாசியுங்கள், மாமியாரும் கேட்கட்டும். முடிந்ததும் எபேசியரை ஒரே இருப்பில், பிறகு யாக்கோபை ஒரே இருப்பில். உங்களிடம் பழைய வேதாகமம் இருக்கும். புகுந்த வீட்டில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கும். ஒன்றில் புரியாததை மற்றதில் பாருங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் ஒலி வேதாகமத்தைப் போடியிலேயே போனில் இறக்கிக்கொண்டால் ஜீப்பில் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், வயல் அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் இடம் வரும்போது அந்த நாலு பேரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.