நடந்து பார்ப்போம்

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பெக்கோ' நடைபாதை, நமது உடப்புசல்லாவை வழியாகவும் செல்கிறது. வெளிநாட்டார் அதில் நடந்து மகிழ்கிறார்கள். பெரும்பாலும் அவை நம் முன்னோர் கொழுந்துக் கூடையோடு நடந்த பழைய தோட்டப் பாதைகளே.

மாற்றுக் காணிக்குக் காத்திருக்கும் நாமும் நடப்போம், மண்ணை அறிவதற்காக.

மழையில்லாத ஒரு காலையில், முதியோர், பெண்கள் எல்லாரும் சேர்ந்து, காட்டப்பட்ட காணியை மேட்டிலிருந்து ஓடை வரை மெதுவாகச் சுற்றி வருவோம். நிலத்தில் வெடிப்பு உண்டா? மரங்கள் சாய்ந்துள்ளனவா? தெளிந்த ஊற்று கலங்கியுள்ளதா? புதிய ஊற்று கிளம்பியுள்ளதா? இவை மண்சரிவின் முன்னறிகுறிகள். கண்டால் அங்கே நிற்காமல் விலகி, உடனே கிராம சேவகருக்கு அறிவிப்போம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேட்போம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்து முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணில் புதைந்தன. எச்சரிக்கை மட்டும் போதாது. பாதுகாப்பான காணியும் வேண்டும். அதைக் கேட்பது நமது உரிமை.

சிந்திக்க:
1. நமக்குக் காட்டப்பட்ட காணியை நடந்து பார்த்தோமா?
2. கண்டதை எழுதி, பிரதேச செயலாளரிடம் யார் யார் கொண்டுபோவோம்?