மண்ணுக்குள் வாழும் மணிப்பூ

'பூண்டுப் பல்லாண்டுத் தாவரம்' என்றால் பல ஆண்டுகள் வாழும் பூண்டு என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். அதில் எந்தப் பகுதி வாழ்கிறது என்பதை எனக்கு விளக்கியது பலூன் பூ.

இதன் தாயகம் சீனா, கொரியா, ஜப்பான் முதலிய நாடுகள். மொட்டு பலூன் போல் உப்பி, பின் ஐந்து மடலுள்ள நீல மணியாக விரியும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வித்துகளை மண்ணின் மேல் தூவினால் போதும். முளைத்த செடி பெரும்பாலும் 2ஆம் ஆண்டில் நன்கு பூக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வளர்ந்த செடியை இடம் மாற்றக் கூடாது.

குளிர்காலத்தில் தண்டு முழுவதும் காய்ந்துவிடும். வசந்தத்தில் மற்றச் செடிகள் துளிர்த்த பின்னும் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கும். செத்துவிட்டதென எண்ணித் தோண்டினால், உயிருள்ள வேரையே வெட்டிவிடுவோம். அதனால் இலையுதிர் காலத்திலேயே ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைப்பது நல்லது. அடுத்த தளிருக்கான உணவு அந்தத் தடித்த வேரில்தான் இருக்கிறது. கொரியர்கள் 'டொராஜி' எனச் சமைத்து உண்பதும் அதே வேரைத்தான்.

நம் வீட்டு மஞ்சளும் இலை காய்ந்த பின் கிழங்கில் உயிரோடிருக்கிறது. எனவே தோழிகளே, பரீட்சையில் 'பல ஆண்டுகள் வாழும்' என்பதோடு நிறுத்தாமல், 'நிலக்கீழ்ப் பகுதியால்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.