பேஸ் கிடார் ஏன் கேட்பதில்லை?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கட்டடத்தைக் காண்பவர் மாடத்தையும் கோபுரத்தையும் வியப்பர். கடைக்காலை நினைப்பவர் சிலரே. மெல்லிசையில் அக்கடைக்காலின் இடத்தில் இருப்பது பேஸ் கிடார். பாட்டின் தாளத்தையும் சுரத்தையும் ஒருங்கே தாங்குவது அதுவே. இளையராஜா அவர்களின் பாடல்கள் பலவற்றில் அது தனி நடை போடுவதைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும் குரல், அக்கூஸ்டிக் கிடார், பேஸ் கிடார் மூன்றையும் சேர்த்து வீட்டிலேயே பதிவு செய்தால் பேஸ் மட்டும் எங்கோ மறைந்துவிடுகிறது. இதன் காரணத்தையும் தீர்வையும் இயற்பியல் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எனக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அன்று. என் வகுப்புத் தோழன் ஒருவன் விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணத்தில் பழைய பேஸ் கிடார் ஒன்றை வாங்கினான். நாங்கள் பதிவு செய்த பாட்டைக் கைப்பேசியில் கேட்ட அவன் தாயார், “இதுல நீ வாசிச்சது எதுப்பா?” என்றார். உழைத்து வாங்கிய கருவி, இரவெல்லாம் பழகிய விரல். பெற்ற தாயின் காதிலும் விழவில்லை என்றால் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

முதற் காரணம் அதிர்வெண். பேஸ் கிடாரின் நான்கு தந்திகளும் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கின்றன. தாழ்ந்த ஒலிகளை நம் செவி குறைவாகவே உணர்கிறது என்பதை 1933ஆம் ஆண்டிலேயே ஃபிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் அளந்து காட்டினர். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை.

இரண்டாவது காரணம் மறைப்பு. அக்கூஸ்டிக் கிடாரின் பெட்டிக்குள் அடங்கிய காற்று 100 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வு கொள்கிறது. ஒலிவாங்கியை அதன் துளைக்கு நேரே நெருக்கி வைத்தால், அம்முழக்கம் பேஸின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் நம் அறை. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர். 3 மீட்டர் அகலமுள்ள அறையில் இதனை அகலத்தின் இருமடங்கான 6ஆல் வகுத்தால் 57.5 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. அந்தச் சுரத்துக்கு அறையில் நிலை அலை உண்டாகிறது. அது சுவரோரத்தில் உரக்கவும் நடுவில் மெலிந்தும் கேட்கும். ஆகவே ஒலிபெருக்கி வைத்து, ஓரிடத்தில் அமர்ந்து கேட்டு ஒலியளவை முடிவு செய்வது சரியாகாது.

அப்படியானால் பேஸின் ஒலியளவைக் கூட்டினால் போதாதா? போதாது. ஊமையான ஒலிபெருக்கியில் 41 ஹெர்ட்ஸை எவ்வளவு கூட்டினாலும் கேட்காது. நல்ல ஒலிபெருக்கியிலோ அது குரலை மூழ்கடிக்கும். நமக்குக் கைகொடுப்பவை மேற்சுரங்களே. ஆய்வகத்தில் சுரமானியில் நாம் கண்டதுபோல், ஒரு தந்தி பல மடங்குகளிலும் அதிர்கிறது. 41 ஹெர்ட்ஸ் தந்தி 82, 123, 164, 205 என்றும் அதற்கு மேலும் ஒலிக்கும். அடிப்படைச் சுரம் காதுக்கு எட்டாவிட்டாலும், இம்மடங்குகள் எட்டினால் மூளை அடிப்படைச் சுரத்தையே உணர்ந்துகொள்கிறது. இதுவே இயற்கை நமக்குத் தந்த வழி.

இனிச் செய்முறையைக் காண்போம்.

1. தந்தியை நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் எழா. பிரிட்ஜுக்கு அருகே மீட்டினால் உயர்ந்த மடங்குகள் மிகும். பதிவுக்கு இதுவே ஏற்றது.

2. மின்சார பேஸ் கிடாரை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக நேரே கணினியில் இணைத்துப் பதிவு செய்க. அறையின் குறை பதிவில் சேராது.

3. அக்கூஸ்டிக் கிடாருக்கு ஒலிவாங்கியை 12ஆம் பிரெட்டுக்கு நேரே, ஓர் அடி தள்ளி வைக்க. பின்பு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், அக்கிடாரின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பகுதியை வடிகட்டுக.

4. பேஸில் 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் 3 டெசிபெல் உயர்த்துக.

5. பேஸ் நடக்கும் இடங்களில் கிடார் வாசிப்பவர் மேல் தந்திகளோடு நிற்பது நலம்.

6. முடிவை ஹெட்போனிலும் கைப்பேசியிலும் கேட்டுச் சரிபார்க்க.

இரண்டாவது முறை புதிதன்று. 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் பேஸ் கிடாரை நேரே பதிவுக் கருவியில் இணைத்து வாசித்தார். அவர் நாதத்தைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர்; பெயரோ நெடுங்காலம் இசைத்தட்டுகளில் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டின் உறையில்தான் அப்பெயர் இடம்பெற்றது. அடித்தளமாக நிற்போர்க்கு எந்நாட்டிலும் இதே நிலைதான் போலும்!

மேற்கூறிய முறையில் நாங்கள் மீண்டும் பதிவு செய்தபோது, பேஸின் ஒவ்வொரு சுரத்தையும் கைப்பேசியிலேயே எண்ண முடிந்தது. கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். “இயற்பியல் படிச்சு என்ன ஆகும்?” என்று ஊரார் கேட்பதுண்டு. உடனிருப்பவர் சற்று இடம் விட்டால் ஓசையற்றவனுக்கும் ஓசை பிறக்கும் என்பதை அலைகளின் கணக்கே எனக்குக் கற்றுக்கொடுத்தது. நம் கல்லூரியின் இசை ஆர்வலர்கள் இம்முறைகளைத் தம் வீட்டிலேயே முயன்று பார்ப்பார்களாக.